சாலைப் பலகைப் படத்தை வெக்டராக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பள்ளி வளாகத்துக்கு ஒரு 'வேகம் 20', சிப்காட் தொழிற்சாலை வாசலுக்கு ஒரு 'நில்', அடுக்ககத்தின் கார் நிறுத்தத்துக்கு ஒரு 'நுழையக் கூடாது'. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடைகளுக்கு இத்தகைய வேலைகள் ஓயாமல் வருகின்றன. மாதிரியாக வருவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த ஒரு போட்டோ. அதை அப்படியே டிரேஸ் செய்து (உருவங்களின் விளிம்பை மென்பொருளால் கோடுகளாக, அதாவது வெக்டராக மாற்றி) ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான பிளாட்டருக்கு அனுப்பினால் ஏதாவது ஒன்று கெடுகிறது, அதுவும் திரும்பத் திரும்ப ஒரே விதமாகவே கெடுகிறது. அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு வந்த கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

அதற்கு முன் மூன்று விஷயங்கள். முதலாவது, டிரேஸ் தேவையா என்று பாருங்கள். இந்தியச் சாலைக் குறியீடுகள் பலவும் விக்கிமீடியா காமன்ஸில் எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாகவே கிடைக்கின்றன. தேட இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது, சாலைப் பலகையின் வெளி உருவம் அநேகமாக வட்டம், முக்கோணம், எண்கோணம், செவ்வகம் ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும். அதை டிரேஸ் செய்யக் கூடாது, வரைய வேண்டும். டிரேஸ் செய்யத் தகுந்தது உள்ளே இருக்கும் சின்னம் மட்டும்தான். கீழே உள்ள கோளாறுகளில் பாதி, இதைச் செய்தாலே வராது.

மூன்றாவது, எந்தக் கோளாறு என்றாலும் முதல் சோதனை ஒன்றே. வெக்டர் வரையும் மென்பொருள்களில், இங்க்ஸ்கேப் என்றால் அவுட்லைன் பார்வைக்கும், கோரல் டிரா என்றால் வயர்ஃப்ரேம் பார்வைக்கும் மாறுங்கள். நிறம் போய்க் கோடு மட்டும் தெரியும். பிளாட்டரின் கத்தி பின்பற்றுவது அந்தக் கோட்டைத்தான். ஒரு வட்டத்துக்கு 4 நோடு (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி) போதும், கூர் முனை முக்கோணத்துக்கு 3, எண்கோணத்துக்கு 8. உங்கள் வட்டத்தில் நூற்றுக்கணக்கில் நோடு இருந்தால் அங்கே நிறுத்திவிட்டுக் கீழே படியுங்கள்.

## வட்டம் நெளிகிறது, முக்கோணத்தின் பக்கம் அலையலையாக வருகிறது

போட்டோவை 400 சதவீதம் பெரிதாக்கி விளிம்பைப் பாருங்கள்.

### விளிம்பில் சதுரம் சதுரமாகக் கசங்கல் தெரிந்தால்

ஜேபிஜி, படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வெளிச்ச விவரத்தைவிட நிற விவரத்தை அது அதிகமாகக் குறைப்பதால், வெள்ளையை ஒட்டிய சிவப்பு விளிம்பு மற்ற இடங்களைவிட மோசமாகக் கசங்கும். செலவே இல்லாத தீர்வு: படம் எடுத்தவரிடமே கேட்டு, வாட்ஸ்அப்பில் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கும், டாகுமெண்டாக அனுப்பினால் சுருங்காது.

### வேறு படம் கிடைக்கவே கிடைக்காது என்றால்

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். இன்டர்போலேஷன் (இடைப் பிக்சல்களை நிரப்பும் முறை) கியூபிக்கில் இருக்கட்டும். லேசாக காஷியன் பிளர் கொடுத்து மங்கலாக்கி, அதன் பிறகு த்ரெஷோல்டு (படத்தைக் கருப்பு, வெள்ளை இரண்டாக மட்டும் பிரிப்பது) போடுங்கள். படிக்கட்டு விளிம்பு ஒரே கோடாகிவிடும். சின்னம் மட்டுமே குறைந்தது 1000 பிக்சல் அகலம் வந்த பிறகு டிரேஸுக்குப் போங்கள்.

### நெளிவது வெளி உருவம் என்றால்

டிரேஸில் வந்ததை அழித்துவிட்டு வரையுங்கள். வட்டப் பலகைக்கு ஒரே மையத்தில் இரண்டு வட்டங்கள், அவ்வளவுதான். எண்கோணத்துக்கு எட்டு முனை பலகோணத்தை வரைந்து, மேலே தட்டையான பக்கம் வரும்படி 22.5 டிகிரி திருப்புங்கள். அகலத்தை 0.4142 ஆல் பெருக்கினால் ஒரு பக்கத்தின் நீளம். 600 மி.மீ. 'நில்' பலகைக்கு அது 248.5 மி.மீ.; 750 மி.மீ. பலகைக்கு 310.7.

முக்கோணத்தில் ஒரு கேள்வியை முன்பே கேட்டுவிடுங்கள். "600" என்று வாடிக்கையாளர் சொல்வது பக்கத்தையா, உயரத்தையா? பக்கம் 600 என்றால் உயரம் 519.6 மி.மீ. உயரம் 600 என்றால் பக்கம் 692.8. வெட்டிய பிறகு இதைப் பேசினால் ஒரு ரிஃப்ளெக்டிவ் ஷீட் (வண்டி வெளிச்சத்தில் மின்னும் தாள்) வீண். முனைகளின் வளைவை இங்க்ஸ்கேப்பின் 'கார்னர்ஸ்' பாத் எஃபெக்டிலோ கோரலின் ஃபில்லட்டிலோ, மூன்று முனைக்கும் ஒரே ஆரம் கொடுத்து வையுங்கள். டிரேஸ் மூன்று முனைக்கும் மூன்று விதமான வளைவைத்தான் தரும்.

## வட்டம் முட்டையாக இருக்கிறது

போட்டோ கீழிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கிறது. அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள்.

### முட்டை நேராக நிற்கிறது

அகலம் மட்டும் குறைவு, சாய்வு இல்லை என்றால் அகலத்தை இழுத்து உயரத்துக்குச் சமமாக்குங்கள். உள்ளிருக்கும் சின்னமும் சேர்ந்து சரியாகும்.

### முட்டை சாய்ந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கம் பெருத்திருக்கிறது

கிம்பின் பெர்ஸ்பெக்டிவ் கருவியைத் திருத்தும் முறையில் வைத்து இழுக்க வேண்டும். செவ்வகப் பலகைக்கு நான்கு மூலைகள் இருக்கின்றன, வேலை எளிது. வட்டத்துக்கு மூலை கிடையாது. அதன் கீழே சின்னச் செவ்வகப் பலகை ஏதாவது மாட்டியிருந்தால் அதன் மூலைகளைப் பிடித்துத் திருத்துங்கள், வட்டமும் கூடவே நிமிரும். அதுவும் இல்லையென்றால் புதுப் படம் எடுப்பதே மேல்.

எடுக்கும்போது தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். அருகில் போய் அண்ணாந்து எடுத்த படம்தான் கோணுகிறது. புதுச்சேரி–கடலூர் நெடுஞ்சாலையில் படம் எடுக்கிறவர்கள் சாலை ஓரத்து மண்ணிலிருந்தே எடுங்கள். நடுத் தடுப்பின் மேல் ஏறி நின்று எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்துக்காக அது வேண்டவே வேண்டாம்.

## சின்னத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கில் துணுக்குகள்

### ஃபிளாஷ் போட்டு எடுத்த படம்

ரிஃப்ளெக்டிவ் ஷீட் வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைப் பரப்பு முழுக்க வெளுத்து, சின்னத்தின் விளிம்பை விழுங்கிவிடும். அந்தப் படத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். பகலில், பலகையின் மேல் நேர் வெயில் படாத நேரத்தில் ஃபிளாஷ் இல்லாமல் மீண்டும் எடுங்கள்.

### தேன்கூடு போன்ற வரிசையான கட்டங்கள்

உயர் ரக ஷீட்டுகளில் அறைகள் கண்ணுக்கே தெரியும். நெருங்கி எடுத்த படத்தில் அந்தக் கட்டங்கள் எல்லாமே தனித்தனி பாத்தாக (வெக்டர் கோடாக) டிரேஸில் வந்து விழும். கிம்பில் மீடியன் பிளர் போட்டால் கட்டம் கரைந்துவிடும், விளிம்பு அதிகம் கெடாது.

### துரு, உப்புக் கறை, கிழிந்த போஸ்டர்

கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினம் பக்கத்துப் பலகைகளில் போல்ட்டைச் சுற்றித் துரு வழிந்திருக்கும். இதற்குப் பலரும் தொடாத ஒரு நல்ல வழி இருக்கிறது. கிம்பில் 'டீகம்போஸ்' செய்து படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சானலாகப் பிரியுங்கள். சிவப்பு வளையமும் கருப்புச் சின்னமும் உள்ள பலகை என்றால், சிவப்பு சானலில் வளையம் வெளுத்துப்போய்க் கருப்புச் சின்னம் மட்டும் தனியாக நிற்கும். துருவும் செம்பழுப்பு என்பதால் பெரும்பாலும் அதுவும் கூடவே வெளுக்கும். பச்சை சானலில் வளையமும் சின்னமும் இரண்டுமே கருமையாக வரும். நீலப் பலகைக்கும் சிவப்பு சானல்தான்: நீலம் கருக்கும், வெள்ளை எழுத்து பளிச்சென்று நிற்கும். டிரேஸ் அமைப்புகளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சிய துணுக்குகளுக்கு மட்டும் இங்க்ஸ்கேப்பின் 'ஸ்பெக்கிள்ஸ்' எண்ணை (எத்தனை பிக்சல் வரையுள்ள துணுக்கை நீக்க வேண்டும் என்ற அளவை) உயர்த்துங்கள். படத்தில் தமிழ் எழுத்து இருந்தால் அந்த எண்ணில் கை வைக்கும் முன் அடுத்த தலைப்பைப் படித்துவிடுங்கள்.

## புள்ளி காணவில்லை, சுழி அடைபட்டுவிட்டது

இது எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டிய கோளாறு. வட்டம் சற்று நெளிந்தால் யாரும் கவனிக்காமலே போகலாம். ஊர்ப்பெயர் பிழையோடு வெட்டப்பட்டால் அது பல வருடம் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே நிற்கும்.

'மஞ்சக்குப்பம்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு புள்ளிகள். சின்னப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 6 பிக்சல் குறுக்களவு இருந்தால், அதன் பரப்பு சுமார் 28 பிக்சல். துணுக்கை ஒழிக்க நீங்கள் ஸ்பெக்கிள்ஸை 50 என்று வைத்தால், 50 பிக்சலுக்குக் குறைந்த எதுவும் தங்காது. நான்கு புள்ளியும் போய் 'மஞசககுபபம' என்று நிற்கும். தவளக்குப்பம், அரியாங்குப்பம், புதுச்சேரி எல்லாவற்றுக்கும் இதே கதி. அதே எண், எழுத்துக்குள் இருக்கும் சின்ன வெள்ளை ஓட்டையையும் துணுக்கு என்றே நினைத்து அடைத்துவிடும். 'ரீ'யின் சுழி அடைந்தால் 'ரி'யா 'ரீ'யா என்று குழம்பும். 'சே'யின் கொம்புச் சுழி அடைந்தால் 'செ' போலத் தெரியும். 'கடலூர்' என்பதில் 'லூ' கெட்டால் அது எந்த எழுத்தும் இல்லை.

### ஸ்பெக்கிள்ஸ் 2-க்கு மேல் இருக்கிறதா?

அதைப் பழைய 2-க்கே இறக்குங்கள். துணுக்கு திரும்ப வந்தால் வரட்டும், அதைக் கையால் அழிக்கலாம். போன புள்ளியை யாராவது கவனித்தால்தான் திரும்ப வைக்க முடியும்.

### எண் 2-இல் இருந்தும் சுழி அடைகிறதா?

படம் சிறியது. நான்கு மடங்கு பெரிதாக்கினால் அதே புள்ளி 24 பிக்சல் குறுக்களவாகி, பரப்பு 450 பிக்சலைத் தாண்டும். பிறகு த்ரெஷோல்டைச் சற்றே இறக்குங்கள். கருப்பு மெலியும், சுழி திறக்கும். வெள்ளை எழுத்து என்றால் முதலில் இன்வெர்ட் செய்து கருப்பையும் வெள்ளையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

### எழுத்தை டிரேஸ் செய்வதே தேவையா?

அநேகமாகத் தேவையில்லை. பெயரை ஒரு நல்ல யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து பாத்தாக மாற்றுவதே சரி. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், தூரத்திலிருந்தும் படிக்க முடிகிறது. பழைய பதிப்புக் கோரல் டிராவில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பும் காலும் இடம் மாறினால், இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து பாத்தாக்கி, அங்கிருந்து கொண்டுபோங்கள். பாத்தாக்காமல் வேறு கணினிக்கு அனுப்பாதீர்கள். அங்கே எழுத்துரு இல்லையென்றால் வேறு உருவில் வரும், இல்லை வெறும் கட்டங்கள் வரும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதித் தெருக்களில் நீலத்தில் வெள்ளை எழுத்தாக, பிரெஞ்சும் தமிழும் சேர்ந்து நிற்கும் பழைய பெயர்ப்பலகைகள். அவற்றில் சிலவற்றின் தமிழ் எழுத்து எந்த எழுத்துருவிலும் கிடைக்காது. வீட்டு வாசலுக்கு அதே பாணியில் பலகை கேட்பவர்களுக்கு, அந்த எழுத்தை டிரேஸ்தான் செய்ய வேண்டும். அதன் சின்னச் சின்ன ஒழுங்கின்மையை நோடு குறைத்து நேராக்கிவிடாதீர்கள். அந்தப் பலகையின் அழகே அதில்தான் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தின் தலையில் வரும் சாய்கோட்டுக்கும், 'C' எழுத்தின் கீழே தொங்கும் வாலுக்கும் தமிழ்ப் புள்ளிக்கு வரும் அதே ஆபத்து உண்டு. பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டே வெட்டுங்கள்.

தமிழ் மட்டும் என்றாலும், கோப்பைச் செய்தவரே பிழை பார்க்க வேண்டாம். மனத்தில் இருக்கும் பெயரைத்தான் அவர் கண் படிக்கும். பக்கத்தில் இருப்பவரை அவுட்லைன் பார்வையில் எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.

## அம்பின் முனை மழுங்குகிறது

இங்க்ஸ்கேப் டிரேஸில் முனைகளை வளைவாக்கும் 'ஸ்மூத் கார்னர்ஸ்' இயல்பாக 1.0 இருக்கும். 0.6 அல்லது 0.7-க்கு இறக்குங்கள். 0-க்கே இறக்கினால் மனித உருவச் சின்னத்தின் தலைகூடப் பலகோணமாகிவிடும். அம்பு நேர்க்கோட்டு உருவமாக இருந்தால் டிரேஸைப் பின்னணியில் வைத்துவிட்டு, மேலே நோடு நோடாகப் புள்ளி வைத்து வரைந்துவிடுங்கள். நேர் அம்புக்கு ஏழு நோடு போதும்.

## பிளாட்டர் ஒரே கோட்டை இரண்டு முறை வெட்டுகிறது

அவுட்லைன் பார்வையில் கோடு இரட்டையாகத் தெரிகிறதா?

### இரண்டு கோடும் அச்சாக ஒன்றன் மேல் ஒன்று

பல நிற டிரேஸில் 'ஸ்டாக்' தேர்வு செய்திருந்தால், அடுக்குகள் ஒன்றின் கீழ் ஒன்று முழு உருவமாக வரும். திரையில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். கத்திக்கு மேல், கீழ் தெரியாது, எல்லாவற்றையும் வெட்டும். நிறத்துக்கு ஒரு லேயர் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அனுப்புங்கள்.

### இரண்டு கோட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி

கோட்டோவியத்தை டிரேஸ் செய்தால், கோட்டின் இரு விளிம்புகளும் இரண்டு பாத்தாக வருவது இயல்பு. பட்டையான கோடு வேண்டுமென்றால் அது சரியே. ஒற்றைக் கோடுதான் வேண்டுமென்றால் கோரலின் சென்டர்லைன் டிரேஸைப் பயன்படுத்துங்கள்.

### வெள்ளை உருவங்கள்

சிவப்பின் மேல் வெள்ளையை வைத்து மறைத்திருப்பார்கள். அந்த வெள்ளையைக் கொண்டு சிவப்பைக் கழித்துவிட்டு, வெள்ளையை நீக்குங்கள்.

நீலப் பலகையில் இன்னொன்று. வெள்ளை ரிஃப்ளெக்டிவ் மேல் ஒளி ஊடுருவும் நீல ஓவர்லே பிலிம் ஒட்டும் முறையில், உரித்து எடுப்பது எழுத்தை, மிஞ்சுவது நீலம். அப்போது எழுத்தின் சுழிக்குள் இருக்கும் சின்ன நீலத் துண்டு தனித்தீவாக நிற்கும். உரிக்கும்போது அதுவும் எழுத்தோடு சேர்ந்து போய்விடும். அதைக் கத்தி முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உரியுங்கள், பிறகு டிரான்ஸ்பர் டேப் (வெட்டியதை இடம் மாறாமல் எடுத்து ஒட்ட உதவும் டேப்) போட்டு எடுங்கள்.

## பிளாட்டர் தயங்கித் தயங்கி வெட்டுகிறது, பாதியில் நிற்கிறது

முதலில் நோடு எண்ணிக்கையைப் பாருங்கள். சின்னம் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கில் இருந்தால் நோடுகளைக் குறைக்கும் 'சிம்ப்ளிஃபை' ஒரு தடவை மட்டும் கொடுங்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஒரு தடவையில் போதவில்லையென்றால் படத்தைச் சுத்தம் செய்து மறுபடி டிரேஸ் செய்வதே முறை.

நோடு சரியாக இருந்தும் வட்டத்தின் தொடக்கமும் முடிவும் சேரவில்லையா? பத்து சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை நீங்களே வரைந்து வெட்டிப் பாருங்கள். அதுவும் சேரவில்லையென்றால் கோப்பில் குற்றம் இல்லை. கத்தி மழுங்கியிருக்கிறதா, பிளேடு ஆஃப்செட் (கத்தி முனைக்கும் அது சுழலும் மையத்துக்கும் உள்ள இடைவெளி) சரியா, ரோலர் ஷீட்டை இறுக்கிப் பிடிக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். புதுக் கத்தி போட்டும் சேரவில்லையென்றால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். பெல்ட்டையும் மோட்டாரையும் நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

## அளவு தவறாக வருகிறது

600 மி.மீ. என்று வைத்த பலகை வேறு மென்பொருளில் என்ன அளவில் திறக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

800 ஆகத் திறந்தால், இங்க்ஸ்கேப்பில் செய்ததை இல்லஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளின் கணக்கில் படித்திருக்கிறது. ஓர் அங்குலத்துக்கு முன்னதில் 96 பிக்சல், பின்னதில் 72. 450 ஆகத் திறந்தால் அதே கதை, எதிர்த் திசையில். 562.5 ஆகத் திறந்தால், ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கிட்ட பழைய இங்க்ஸ்கேப் கோப்பு அது. 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால், டிஎக்ஸ்எஃப் என்ற வரைபடக் கோப்பை மில்லிமீட்டரா அங்குலமா என்று தவறாகப் படித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே காப்பு: கோப்பின் ஓரத்தில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வைத்து அனுப்புங்கள். திறக்கிறவர் முதலில் அதை அளக்கட்டும்.

## நிறம் பொருந்தவில்லை

போட்டோவிலிருந்து நிறத்தை எடுக்காதீர்கள். கடற்கரை வெயிலில் சில வருடம் நின்ற சிவப்பு, படத்தில் ஆரஞ்சாகத்தான் வரும். ஷீட் விற்பவரின் நிற அட்டையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

பகலில் சரியாக இருந்த சிவப்பு இரவில் வண்டி வெளிச்சத்தில் கருப்பாகத் தெரிந்தால், ரிஃப்ளெக்டிவ் மேல் சாதாரண வினைலை ஒட்டியிருக்கிறார்கள். அது ஒளியை மறித்துவிடும். ஊடுருவும் ஓவர்லே பிலிமோ சிவப்பு ரிஃப்ளெக்டிவ் ஷீட்டோ போட்டு மாற்றித் தாருங்கள். தொழிற்சாலை வளாகத்தில் இரவு ஷிஃப்டு முடிந்து வருகிறவருக்கு அந்தப் பலகை தெரிய வேண்டும்.

## பலகை பொதுச் சாலையில் நடப்போகிறது என்றால்

இங்கே டிரேஸ் வேலையை நிறுத்திவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 116-ஆம் பிரிவு, போக்குவரத்துக் குறியீடுகளை நடும் அதிகாரத்தை அரசுக்கும் அரசு அதிகாரம் அளித்தவருக்கும்தான் தருகிறது. உருவம், அளவு, நிறம் எல்லாவற்றுக்கும் சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 67 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. ஆர்டர் கொடுப்பவர் ஒப்பந்ததாரராக இருந்தால், கடலூர்ப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையிடமிருந்தும், புதுச்சேரியில் பொதுப்பணித் துறையிடமிருந்தும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தை வாங்கி வரச் சொல்லுங்கள். போட்டோவை வைத்துச் செய்து தர மாட்டேன் என்று சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

வரைபடம் பிடிஎஃப் ஆக வந்தால் 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கூர்மையாகவே இருந்தால் அது வெக்டர். இங்க்ஸ்கேப்பிலோ கோரலிலோ இறக்கி, அளவைச் சரிபார்த்து நேரே வெட்டலாம். பிக்சல் தெரிந்தால் யாரோ ஸ்கேன் செய்த தாள் அது. அதில் எழுதியிருக்கும் அளவுகளைப் படித்து, அந்த எண்களை வைத்து வரையுங்கள்.